முதல் நாள் சாரி

என்னங்க,

அம்பிட்டியவில ஒரு வாரமா விடாத மழை. டோஹாவில வெயில் எப்படி? போன்ல சொன்னா நீங்க ஏதாவது ஆறுதல் சொல்லுவீங்க, அதனால எழுதுறேன்.

நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு நம்ம ஜெனிட்டாவை எடுத்திருக்காங்க. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல இருந்து வந்து என்கிட்ட ஆராய்ச்சி பழகின பொண்ணு. அவ விண்ணப்பத்தை நான்தான் திருத்தினேன். நேர்முகத் தேர்வுல எப்படிப் பதில் சொல்லணும்னு நம்ம குசினியில, சமையல் மேசையிலதான் பழக்கினேன். நானும் அதே வேலைக்குத்தான் விண்ணப்பிச்சிருந்தேன்; தேர்வு அன்னைக்கு ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில உட்கார்ந்திருந்தோம். காலியா இருந்தது ஒரே ஒரு இடம்.

"நீங்க பழக்கின பிள்ளையே வந்துட்டா, சந்தோஷம்தானே?"ன்னு துறைத் தலைவர் கேட்டார். "ஆமா, சேர்"ன்னேன். என் தற்காலிக வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்காங்க.

நேத்து அவ வீட்டுக்கு வந்தா. "அக்கா, முதல் நாள் கட்ட நல்ல சாரி ஒண்ணும் இல்ல"ன்னா. அலுமாரியைத் திறந்தேன். எனக்கு வேலை நிரந்தரமாகுற அன்னைக்குக் கட்டச் சொல்லி, போன லீவுல நீங்க வாங்கித் தந்த நீலச் சாரியைக் கொடுத்தேன்.

அதுக்கு நான் தைச்சு வச்சிருந்த ஜாக்கெட் அவளுக்குப் பெரிசா இருந்துச்சு. பிடிச்சுத் தைச்சு, மிச்சத் துணியை வெட்டிட்டேன். அவளுக்கு அளவா இருக்கு. இனி அது எனக்குப் பத்தாது.

உங்க வீட்டுக்காரி