உன் முகத்தை இறக்கிய சாயங்காலம்

மச்சான்,

மஞ்சக்குப்பத்தில் பிளெக்ஸ் அடிக்கும் கடையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். இன்று காலை, சுடச்சுட அடித்த ஒரு பேனரை வாசலில் காயவிட்டிருந்தார்கள். யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. அந்த மை வாடை, மண்ணெண்ணெயும் புது பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி, மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். திட்டட்டும். எனக்கு உன் முகம் ஞாபகம் வந்துவிட்டது. உன் நிஜ முகம் இல்லை, பன்னிரண்டடிக்குப் பத்தடி அளவில் அச்சடித்த முகம். கோபம் இன்னும் தீரவில்லை. யாரிடம் சொல்வது? உன்னிடம்தான்.

இதை வேறு சிலரும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நம் தாத்தா சர்ச்சை விட்டு, ஞாயிற்றுக்கிழமையை விட்டு, சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டவர். அவரோடு வந்தவர்களின் பிள்ளைகுட்டிகள்தான் இன்று கடலூரிலும் சிதம்பரத்திலுமாகச் சிதறிக் கிடக்கும் நம் யூத ஜெப ஆலயத்துக் குடும்பங்கள். எந்த நாட்டு யூத மதகுருவும், ரபியும், நம்மை இன்னும் முறையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆலயம் என்பதும் முன்பு டியூஷன் சென்டராக இருந்த ஒரு கட்டடம், அதன் பின்னால் ஒரு முற்றம். பத்து ஆண்கள் கூடினால்தான் சில பிரார்த்தனைகளைச் சொல்ல முடியும். அந்தப் பத்துக்கே நமக்கு நாக்குத் தள்ளும்.

ஆனால் நிகழ்ச்சிகளுக்குக் குறைச்சலே கிடையாது. நம் தலைவர் வாட்ஸ்அப் குரூப்பில் மாதாமாதம் போடும் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' உனக்கு மறந்திருக்காது. இலவசக் கண் பரிசோதனை முகாம். குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி. கடலூரிலேயே உயரமான எல்.இ.டி. குத்துவிளக்கோடு ஹனுக்கா விளக்குப் பெருவிழா. எபிரேய வகுப்புத் தொடக்க விழா மூன்று முறை நடந்திருக்கிறது, மூன்றிலும் பொன்னாடை உண்டு. வகுப்பு ஒருமுறைகூட நடக்கவில்லை. நீ அந்த ஆளுக்கு 'மைக்செட்' என்று பெயர் வைத்தாய். ஆலயத்துக்கே அந்தப் பெயர் பரவி, கடைசியில் அவருடைய பேத்தியே அவரை அப்படிக் கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சைட்டில் வேலையை முடித்துவிட்டு, சிமெண்ட் படிந்த சட்டையோடு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருவாய். ஓய்வுநாளில் பயணம் கூடாது என்பதால் சனி இரவுவரை எங்கள் வீட்டில்தான் இருப்பு. ஓய்வுநாளில் சுவிட்சைத் தொடக்கூடாது என்று நான் ஆலயத்து விளக்குக்கும் ஃபேனுக்கும் டைமர் மாட்டினேனே, அந்த முதல் சனிக்கிழமையை நினைத்துப் பார். நான் நேரத்தைத் தப்பாக வைத்துத் தொலைத்ததில் பிரார்த்தனை நடுவில் ஃபேன் நின்றுபோனது. தலைவர் வேர்த்து விறுவிறுத்து, "யாராவது வெளியாள கூப்புட்டுப் போடச் சொல்லுங்கப்பா, வந்தவங்க என்னா நெனைப்பாங்க" என்றார். நீ புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உடுங்க தலைவரே, ஃபேனுக்கும் ஓய்வுநாள்தான்" என்றாய். அவருடைய தம்பிகளே சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் உன்னைப் பார்த்தால் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

உண்மையான சண்டை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், கூடாரப் பண்டிகையில். முற்றத்தில் பந்தல் போட்டு, ஒரு வாரம் அதில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வனாந்தரத்தில் வீடில்லாமல் அலைந்ததை நினைக்க. கூரை வெட்டிய தழையால் இருக்கவேண்டும், வெயிலைவிட நிழல் ஜாஸ்தி விழவேண்டும், ஆனாலும் மேலே வானம் தெரியவேண்டும், மழை பெய்தால் உள்ளே இறங்கவேண்டும். எழுதி வைத்தவர்களுக்குக் கடலூரைப் பற்றி என்ன தெரியும்? நமக்கு அந்தப் பண்டிகை சரியாக வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும்போது வரும். குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து நீ சவுக்குக் கம்பு கொண்டுவருவாய். தென்னை மட்டையைப் பின்னாமல் பச்சையாக அப்படியே பரப்புவாய். "பின்னிட்டா அது வூட்டுக் கூரைடா. நாம வூட்ட உட்டுட்டுத்தான வந்துருக்கோம்?" என்பாய்.

போன வருடம் தலைவர் நீலத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "விருந்தாளிங்க வராங்கப்பா, பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு வருவாங்க." நீ தார்ப்பாயை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாய். மழை வந்தது. எல்லோரும் இலையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் ஓடினார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். என் சாம்பாரில் மழை விழுந்து விழுந்து ரசமாகிவிட்டது. எரிச்சலில் கேட்டேன், "எதுக்குடா இந்த வீம்பு? மழை வந்தா எழுந்திருக்கலாம்னு சட்டமே இருக்குல்ல?"

"இருக்கு. சோறு கெடற அளவுக்கு வந்தா தாராளமா உள்ள போவலாம். இன்னும் ஒக்காந்திருக்கறவன் முட்டாள்னுகூட சொல்லியிருக்காங்க." சிரித்தாய். "நனையறது கட்டாயம் இல்ல மச்சான். நனைய முடியணும், அதான் கட்டாயம்."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாய். முட்டாள் மாதிரி நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அதே வாரத்தில் போய்விட்டாய். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. உனக்குப் பிள்ளை இல்லை, உடன்பிறந்தவனும் இல்லை என்பதால் இறந்தவருக்காகச் சொல்லும் காதிஷ் பிரார்த்தனையை வருடம் திரும்பும்வரை நான் சொல்கிறேன். ஆள் சேர்கிற சனிக்கிழமைகளில் மட்டும். அதற்கும் அந்தப் பத்துப் பேர் வேண்டும்.

பண்டிகை நெருங்கியபோது அத்தை போன் செய்தது. உன் அம்மா எனக்கு எதுவும் கேட்டுப் போன் செய்ததே கிடையாது. "ஒரு வேள சோறுப்பா. அவன் போடுற பந்தல் மாதிரியே, மேல ஓலையும் வானமும் தெரிய ஒக்காந்து சாப்புடணும். அதுக்கப்பறம் நான் அங்க வரல, யாரையும் தொந்தரவு பண்ணல." அவ்வளவுதான் கேட்டது. நான் லீவு போட்டேன். சவுக்குக் கம்பு வாங்கினேன். கட்டுப் போடுவதில் உன் கால் தூசிக்குப் பெறமாட்டேன், அதனால் கேபிள் டை போட்டு இறுக்கினேன். நீ இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பாய். ஆனால் மட்டைகளுக்கு இடையில் வானம் தெரிந்தது. அது சரியாக வந்திருந்தது.

பண்டிகை தொடங்குகிற சாயங்காலம் அத்தையை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் தாமதம், நடுவில் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. டிபன் கேரியரில் கத்திரிக்காய் கொத்சும் இட்லியும் எடுத்துக்கொண்டு அத்தை இறங்கியது. வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்துக்குள் நுழைந்தால், என் பந்தலுக்குள் நீ.

மட்டைக்குக் கீழே, உட்கூரை மாதிரி, நாலு மூலையிலும் கயிறு போட்டு ஒரு பிளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார்கள். உன் முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, எங்கள் இலையில் என்ன வைக்கிறார்கள் என்று கண்காணிப்பதுபோல. 'மறைந்த எங்கள் சமுதாயச் செம்மல் நினைவுப் பந்தல்.' ஓரத்தில் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார், அவர் தம்பிகள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், சென்னையிலிருந்து வரும் சிறப்பு விருந்தினர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பெய்த மழை மட்டை வழியாக ஒழுங்காக இறங்கி, பிளெக்ஸில் தேங்கி, உன் கன்னம் ஒரு பக்கம் வீங்கித் தொங்கியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் பத்துக் கிலோ. ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிகிற கணக்கு. அதன் நேர் கீழே சிறப்பு விருந்தினருக்கு வெல்வெட் நாற்காலி போட்டிருந்தார்கள்.

தலைவர் பூரிப்போடு வந்தார். "பாத்தீங்களாக்கா? முன்னோருங்கள பந்தலுக்கு விருந்தாளியா கூப்புடறது நம்ம வழக்கமாச்சே. அதான் தம்பிய மேல வச்சிட்டோம். சொட்டுத் தண்ணி உள்ள வராது."

உயிரோடு இருந்தவரை எதைச் செய்யவிடாமல் அவர் கையைப் பிடித்தாயோ, அதை உன் முகத்தை வைத்தே செய்துவிட்டார். இதில் சதி கிதி ஒன்றும் இல்லை. சதி செய்ய மூளை வேண்டும். அந்த ஆள் மனதார உனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவுருங்க" என்றேன்.

"என்னாது?"

"பிளெக்ஸ அவுருங்க. இது இருந்தா இது பந்தலே கெடையாது. சூரியன் விழுந்து பண்டிகை பொறந்துட்டா கயிற தொடக்கூடாது. இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு."

"ஏம்பா, செத்தவன் படத்த அவுக்கச் சொல்றியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? பெத்தவங்க நிக்கறாங்க." பிறகு குரலை இறக்கினார். மைக் இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். "அதுல கைய வச்சீன்னா நானும் என் தம்பிங்களும் சனிக்கிழமைலேந்து வரமாட்டோம். அவனுக்கு காதிஷ் சொல்ல பத்து பேருக்கு எங்க போவ? வடலூர்ல அன்னதானத்துக்கு நிக்கறவங்கள கூட்டியாருவியா?"

வண்டி டிக்கியிலிருந்து கட்டரை எடுத்துவிட்டிருந்தேன். ஆனால் கை நின்றுவிட்டது. அவர் சொன்ன கணக்கு சரி. அவர்கள் மூன்று பேர் இல்லாவிட்டால் எனக்குப் பத்து கிடையாது. இதை அறுத்தால் உன் அம்மாவுக்குப் பந்தல் கிடைக்கும், உனக்குப் பிரார்த்தனை போகும். மேற்கே பார்த்தேன். மேகத்துக்குக் கீழே வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.

அத்தை அதுவரை அண்ணாந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்வையை இறக்காமலே கேட்டது.

"எம் புள்ள மூஞ்சிய வச்சி மழைய அடைக்கறியா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "அப்புடியில்லக்கா…"

"எக்கா கொக்கான்னாத. அவன் உசுரோட இருக்கறப்ப நீ இங்க ஒரு கோணிய கட்டியிருப்பியா?" என்னிடம் திரும்பியது. "நீ என்னாத்துக்கு மரம் மாதிரி நிக்கற? எறக்குடா."

முதல் கயிற்றை வெட்டியதும் தேங்கிய தண்ணீர் முழுக்க ஒரே பாய்ச்சலில் வெல்வெட் நாற்காலியில் இறங்கியது. மற்ற மூன்றையும் வெட்டினேன். உன் முகம் மடங்கி மடங்கித் தரைக்கு வந்தது. அத்தை அதைத் தன் கையாலேயே சுருட்டியது. சிதம்பரத்து வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும் உன் வண்டிக்கு மூடப் போகிறதாம், பண்டிகை முடிந்தபிறகு நான் கொண்டுபோய்த் தரவேண்டுமாம். நாலு கும்பிடும் உள்பக்கம் போகிற மாதிரி சுருட்டியது.

அவர்கள் விழாவை ஹாலுக்குள் மாற்றிக்கொண்டார்கள். பண்டிகை பிறந்த பிறகும் மைக் அலறியது, சுவிட்சைத் தொடக் கூலிக்கு வெளியாள் வைத்து. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. நம் சமுதாயத்தின் எதிர்காலம் பற்றி ஒருவர் வெகுநேரம் பேசினார். அவருக்கு நம் சமுதாயத்தின் இறந்தகாலமே தெரியாது.

வெளியே நாங்கள் கொஞ்சம் பேர்தான். போஸ்ட்மேனாக இருந்து ரிட்டயர் ஆன நம் பெரியவர் ஆசி சொன்னார். அத்தை கேரியரைத் திறந்து எல்லோருக்கும் வைத்தது. மட்டைகளுக்கு நடுவே மேகம்தான் தெரிந்தது, நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது இட்லியில் தூறல் ஆரம்பித்தது. அத்தை நிமிர்ந்து பார்த்தது. நெற்றியில் விழுந்ததைத் துடைக்கவில்லை. நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, "போதும், உள்ள போலாம் வா. சளி புடிச்சிக்கும்" என்றது. இதற்குமேல் உட்கார்ந்திருப்பவன் முட்டாள் என்று அத்தைக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த வாரச் சனிக்கிழமை ஏழு பேர் நின்றோம். பெரியவர் காத்திருக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிதர்களை ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடாது என்பதால், பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லித்தானே எண்ணுவோம்? ஏழாவது சொல்லிலேயே அவர் நிறுத்தி நிறுத்தித் திரும்ப ஆரம்பித்தார். பிறகு தம்பிகள் இரண்டு பேரும் வந்தார்கள். கொஞ்சம் கழித்து மைக்செட் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கடைசிச் சொல் அவர்மேல் விழுந்தது.

ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். அவரைப் பற்றிய என் அபிப்பிராயம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. நேற்றுகூடக் குரூப்பில் நாலாவது எபிரேய வகுப்புத் தொடக்க விழா அறிவிப்பைப் போட்டிருக்கிறார். ஆனால் அன்று நான் உனக்கான வரிகளைச் சொன்னபோது எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் அவர்தான். அந்த ஆமென் இல்லாமல் என் வரிகள் நிற்காது.

மச்சான், இதைவிடக் கேவலமான ஒன்றை நீ என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்க முடியாது. இன்னும் வருடம் திரும்பவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.