பூஜையில் வைத்த தாள்

செப்டம்பர் 24, புதன்

பெருங்குடி ஆபீஸிலிருந்து மயிலாப்பூர் வீட்டுக்கு வர இன்று ஒன்றரை மணி நேரம். வந்ததும் கை கழுவித் துடைத்து, பீரோ மேலிருந்து தாளை எடுத்தேன். என் தோழி நிஷா ஜப்பானிலிருந்து வாங்கி வந்த வெள்ளைத் தாள். ஒன்றே ஒன்று. மூன்று வாரமாக அதைக் கட்டம் கட்டமாக மடித்துப் பிரித்துக் கோடு விழவைப்பதோடு சரி. அதிலிருந்து வரவேண்டிய நண்டு இன்னும் கண்ணில் படவில்லை. அடையாறில் நடக்கும் ஓரிகாமி, அதாவது காகித மடிப்பு, கண்காட்சிக்கு அக்டோபர் ஆறாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். போன வருஷமும் முடிக்காமல் விட்டேன்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "இன்னும் இந்தக் குப்பையைக் கட்டிண்டு அழறியா? அதுவும் நம்மாத்துல நண்டு!" கிரீஷ் சிரித்தான். புருஷன் சிரிக்கிற நேரமா இது? கோபத்தில் ஒரு கோடு கோணிவிட்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோடுகள் முடிந்தன. இரண்டு மூலை கொடுக்குகளாகும், இரண்டு மூலை பின்கால்களாகும். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, தாளில் நிறமோ கறையோ இருக்கக்கூடாது. இதுதான் கண்காட்சி விதி.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. இன்று எழுதக்கூடாதாம். எழுதுகிறேன்.

குளித்துவிட்டு வந்தால், பூஜையில் கிரீஷின் லேப்டாப், மாமியாரின் வீணை, நடுவில் என் தாள். நான்கு மூலையிலும் ஈர மஞ்சள், கட்டைவிரல் அகலத்துக்கு.

"உன்னோட ஆயுதம் இதானே? நித்யம் பாத்துண்டுதானே இருக்கேன். நாளைக்குப் புனர்பூஜை ஆனப்பறம் எடுத்துக்கோ."

மாமியார் முகமெல்லாம் பெருமை. நான் என்ன சொன்னேன்? "சரிம்மா." அவ்வளவுதான். ஆறு வருஷமா குப்பை குப்பைன்னு சொல்லிட்டு, மதிக்கறதுக்கு இன்னிக்குத்தானா நாள் கெடைச்சுது? அதுவும் மஞ்சளோட!

மொட்டை மாடியில் கிரீஷிடம் கத்தித் தீர்த்தேன். "ஓரத்தை வெட்டிடேன்" என்றான். கட்டமெல்லாம் தப்பிடும்டா, தப்பிடும்!

அக்டோபர் 2, வியாழன்

ரொட்டித் துண்டால் ஒற்றிப் பார்த்தேன். போகவில்லை. சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தேன் — மஞ்சள் ரத்தச் சிவப்பாகிவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு போட்டு எத்தனை ஆரத்தி கரைத்திருக்கிறேன்? சோப்பும் அதைத்தான் செய்யும் என்று தோன்ற வேண்டாமா? முட்டாள்.

இந்தத் தப்பு என்னுடையது. அதையும் மாமியார் கணக்கிலேயே எழுதிக் கோபித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மடித்து முடித்தேன். எட்டுக் கால்களில் நிற்கிறது. இதுவரை மடித்தவற்றில் இதுதான் நல்லது. அதனாலேயே எரிச்சல் இன்னும் அதிகம்.

அக்டோபர் 6, திங்கள்

சிவப்பு கண்ணில் படாமல் போகாதா என்று நண்டைக் கொண்டுபோனேன். கண்காட்சிப் பொறுப்பாளர் அப்துல் வஹீத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அருமையா இருக்கு மேடம். ஆனா கொடுக்குலயும் கால்லயும் செவப்பு இருக்கே. எடுத்துக்க முடியாது." பூஜையை எல்லாம் அவரிடம் எப்படி விளக்குவது? டப்பாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். சாந்தோம் சிக்னலில் ஆட்டோவுக்குள் அழுதேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

இன்று கண்காட்சி. காலை ஒன்பது மணிக்கே மாமியார் அரக்குப் பட்டு கட்டி, பூ வைத்துக்கொண்டு தயார். "கெளம்பலையா? உன் நண்டைப் பாக்கப் போறோம்னு பக்கத்தாத்துல எல்லாம் சொல்லிட்டேன்."

இனி எங்கே மறைப்பது? மஞ்சள், சோப்பு, சிவப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேனா? தெரியவில்லை.

"என் பொண்ணா இருந்தா அன்னிக்கே கத்தி ஆத்தை ரெண்டாக்கியிருப்பா. நீ 'சரிம்மா'ன்னே. அவ்வளவு வேத்தாளா நான்?"

சாயங்காலம் வரை அவர் பட்டுப் புடவையை மாற்றவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நிஷா புதுத் தாள் அனுப்பியிருக்கிறாள். மேசையில் விரித்தேன். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த மாமியார் அப்படியே வந்து ஓரத்தைத் தடவப் போனார்.

"அம்மா! எண்ணெய்க் கை! தொடாதீங்கோ!"

நான் கத்தியதில் கிரீஷ் பதறி ஓடிவந்தான்.

"ஏண்டி கத்தறே? எனக்குக் காது நன்னாத்தான் கேக்கறது!" என்று அவரும் அதே அளவு கத்தினார். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.