நெடுந்தீவில் ஒரு மலை

அன்புள்ள உங்களுக்கு,

ஓம், அந்த மலையை வரைந்தது நான்தான். விசாப் படிவத்தில் ஏன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் மலையைச் சொல்கிறேன்.

நெடுந்தீவில் மலை இல்லை என்று எனக்கும் தெரியும். யாழ்ப்பாணத்து விடுதிக்காரர் தந்த ஒல்லாந்தர் காலப் படத்தில், கோட்டைக்குப் பின்னால் அது நிற்கிறது. விடுதியில் மாட்ட, அதை ஒரு கோடும் மாறாமல் வரையச் சொன்னார். முதலில் வரைந்தவன் இங்கே வந்ததே இல்லையாம். மாலுமிகள் சொல்லக் கேட்டு வரைந்தானாம்.

மாடு தேடி வந்த மரியதாசன் அண்ணை படத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பிள்ளை, உந்த மலைக்குப் பின்னாலையே என்ரை மாடு நிக்குது?"

"ஓம் அண்ணை, வரைஞ்சு முடிய இறக்கி விடுறன்."

அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கலியாணம் முடிந்து பதினெட்டு நாட்கள்தான் உங்களோடு இருந்தேன். மிச்சமெல்லாம் போனில் கேட்டது. பாரிஸில் உங்கள் அறையையும் அப்படிக் கேட்டுத்தான் வரைந்து வைத்திருக்கிறேன். அதன் ஜன்னலில் ஒரு மரம் நிற்கிறது. நீங்கள் ஒருநாளும் மரத்தைப் பற்றிச் சொன்னதில்லை. இத்தனை மாதமாகக் கேட்கவும் பயமாயிருந்தது; படிவமும் அப்படியே கிடந்தது.

மரம் இல்லாவிட்டால் இப்போது சொல்ல வேண்டாம். நானே வந்து பார்க்கிறேன்.

உங்கள்,
நான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், படிவத்தில் கையெழுத்து வைத்து இதற்குள் வைத்தேன்.