சிவப்பு மாறாத குப்பி

ஜனவரி 20, 2025

தங்கத் துகள் கரைசல் இன்றுதான் சரியாக வந்தது. மாதுளைச் சாறு போல நல்ல சிவப்பு. இதைச் சங்கிலியாகப் போட ஏலாதா என்று துஷாந்தினி கேட்டாள். ஆய்வுகூடத்தில் நானும் அவளும்தான் இந்த வேலையில்.

சுகமான ஒருவரின் சலத்தோடு, அதாவது சிறுநீரோடு, சேர்த்து உப்புக் கரைசல் விட்டால் சிவப்பு நீலமாகும். சலத்தில் புரதம் கசிந்திருந்தால், அந்தப் புரதம் துகள்களைப் போர்த்திக் காக்கும், சிவப்பு மாறாது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போதே, பெரிய இயந்திரம் இல்லாமல் வயல் ஊர்களில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முதல், நோயில்லாதவர்களின் சலம் வேண்டும்.

ஜனவரி 23

வீட்டில் கேட்டேன். உம்மா வெட்கப்பட்டு மறுத்துவிட்டா. என் கணவர் முஸ்தாக் சிரித்துக்கொண்டே குப்பியை வாங்கினார். சாகாமத்து வயலில் தனியாக நின்று வேளாண்மை செய்கிறவர், காய்ச்சலென்று படுத்ததில்லை. "சுகமான ஆள் எண்டா முதல்ல உன்ட புருஷன்ட பேரை எழுது" என்றார்.

ஜனவரி 24

எல்லாம் நீலம். ஒன்று மட்டும் சிவப்பு. அவருடையது.

ஜனவரி 27

உடம்பு களைத்தாலும் புரதம் வரும். மழை என்று இரண்டு நாளாக அவர் வயலுக்குப் போகவில்லை, அதனால் இன்று காலை மறுபடியும் வாங்கினேன். முதல் குப்பி உடைந்துவிட்டது என்றேன்.

யாருடையது என்று சொல்லாமல் துஷாந்தினியிடம் கொடுத்தேன். உப்பு விட்டும் சிவப்பாகவே நின்ற குப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்பத்திரியால வந்ததா?" என்றாள்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நான் இருக்கக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

ஜனவரி 28

எங்கள் ஆய்வை நடத்தும் சீனித்தம்பி சேரிடம் சொன்னேன். எங்கள் முறை இன்னும் பரீட்சையில்தான் இருக்கிறது, இதை வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்ல முடியாது என்றார். "ஆனா கண்டதை மறைக்கவும் ஏலாது பிள்ளை. ரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போங்க" என்றார்.

ஜனவரி 29

முஸ்தாக்கிடம் சொல்லிவிட்டேன். சோற்றில் பாதியில் எழும்பினார்.

"ஒரு நோவும் இல்லாத மனிசன் நான். உன்ட தண்ணி பிழையாக் காட்டினதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவா?"

குப்பி உடைந்த பொய்யும் வெளியே வந்தது. அதுதான் அவருக்குப் பெரிய கோபம். ஏன் பொய் சொன்னேன்? அவர் பயப்படுவார் என்றா, இல்லை, எனக்குத்தான் பயமா— தெரியல்ல.

பெப்ரவரி 6

அவர் என்னோடு கதைப்பதில்லை. எந்த நேரமும் வயல்தான்.

பெப்ரவரி 11

அசர் தொழுகைக்குப் பிறகு தானாகவே வந்து பக்கத்தில் இருந்தார்.

"வாப்பாவும் இப்பிடித்தான் சுகமா இரிந்தார். கால் வீங்கின பிறகுதான் டொக்டரிட்ட காட்டின, கிட்னி பழுதாம். வேளாண்மை வெட்ட முதல் மௌத்தாகிட்டார்."

மாமா மாரடைப்பில் போனதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருஷமாக இதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"தெரியாம இரிந்தா வேலை செய்வன் றாஹிலா. தெரிஞ்சா எப்பிடிச் செய்யிற?"

ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாறன் என்று சொன்னேன். ஓம், போவம் என்றார்.

பெப்ரவரி 13

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்குப் பிரஷர் கூடுதலாம். சிறுநீரகம் கொஞ்சம் பழுதாகியிருக்கிறது. கொஞ்சம்தான் — இதை எத்தனை தரம் எழுதினாலும் எனக்குப் போதவில்லை.

என்னென்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டபோதுதான் முதுகு நோவுக் குளிசை வெளியே வந்தது. பாமசியில் தானாகவே வாங்கி, நாள்தோறும், வருஷக்கணக்காக. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் காணவில்லையே! அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், இன்றோடு விடுங்கள் என்றார், பிரஷருக்கு மருந்து எழுதினார். நேரத்தோடு வந்தது நல்லது என்றார்.

மே 19

அவருடைய இரத்தப் பரிசோதனையில் பழுது கூடவில்லை, அப்படியே நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

எங்கள் முறைதான் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நோயாளிகள் சிலருக்கு நீலம், சுகமானவர்கள் பலருக்குச் சிவப்பு. சலத்தில் இருக்கும் வேறு பொருட்களும் துகள்களைக் காக்கின்றன. கட்டுரை அனுப்ப ஏலாது.

"அப்ப உங்கட அவருக்குச் சரியாக் காட்டினதே?" என்று துஷாந்தினி கேட்டாள். ஒருவருக்குச் சரியானது கணக்கில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மிஞ்சிய கரைசலை மனமில்லாமல்தான் கழிவுப் போத்தலில் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 9

புதிய முறைக்குச் சலம் சேர்க்கச் சாகாமத்துக்குப் போனோம். இம்முறை புரதத்தை மட்டும் பிடிக்கும் காகிதப் பட்டி. வாசிகசாலையில் விவசாயிகள் கூடினார்கள். விளக்கிச் சொன்னேன், கேட்டார்கள். குப்பியை ஒருவரும் தொடவில்லை.

"கிட்னி வருத்தம் எண்டு வந்தா, பிறகு வயலை ஆர் செய்யிற?" என்று தங்கரத்தினம் அண்ணன் கேட்டார்.

ஐஸ் பெட்டி தூக்க வந்த முஸ்தாக் வாசலில் நின்றார். தன் நோயைப் பெற்ற தாய்க்குக்கூட இன்னும் சொல்லாதவர்.

"எனக்கு வந்திரிக்கி அண்ணன். என்ட வயலை நான்தான் செய்யிறன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விட்ட குளிசை, எடுக்கிற குளிசை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கரத்தினம் அண்ணன் எழும்பி ஒரு குப்பியை எடுத்தார். பிறகு மற்றவர்கள்.

பெட்டிகளோடு துஷாந்தினி வேனில் போனாள். நாங்கள் மோட்டார் சைக்கிளில். சந்தியில் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை; மாமி வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"வேற ஆக்கள் சொல்ல முதல் உம்மாக்கு நான் சொல்லணும்" என்றார்.