பாதிச் சம்பளத்துக்கு ஒரு வேலை

14.6.1993, திங்கள்

வெள்ளிக்கிழமைக்குள் சட்டை ஆர்டர் கப்பலேற வேண்டும். காலையிலிருந்து தையல் மிஷின்களுக்கு நடுவே நடந்து நடந்து கத்தினேன். காலர் கோணல், பட்டன் துளை பெரிசு, பாத்ரூம் போனவள் இன்னும் வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இதற்குப் பெயர் லைன் சூப்பர்வைசர். முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தால் வாய் திறக்க மனசில்லை. மகள் ஏதோ பள்ளிக்கூடக் கதை சொன்னாள். தலையாட்டினேன். என்ன கதை?

17.6.1993, வியாழன்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வடிவு மிஷின் மேலேயே சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அதட்டப் போனேன். ஸ்டூலுக்குக் கீழே ரத்தம். எட்டு மாதமாம். புடவையை இறுக்கிச் சுற்றி, மேலே கம்பெனி கோட்டையும் போட்டு மறைத்திருக்கிறாள். தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். என் லைனில், என் கண் எதிரில். நான் பார்த்ததெல்லாம் காலரைத்தான்.

ஆட்டோ பிடித்து நானே கூட்டிப் போனேன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டாக்டர் ஜமீலாவின் நர்சிங் ஹோம். என் மகள் பிறந்ததும் அங்கேதான். ஒரே ஒரு நர்ஸ் இருந்தாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தலைமாட்டுல நில்லுங்க. கையப் புடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருங்க" என்றார்.

பேசினேன். திருநின்றவூரில் வீடு எந்தப் பக்கம், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, எந்த ரயிலில் வருகிறாய், புருஷன் என்ன வேலை. மூன்று வருஷமாக என்னிடம் வேலை செய்கிறவள். இதெல்லாம் இன்றைக்குத்தான் கேட்கிறேன். வலி வரும்போதெல்லாம் என் விரலை முறித்துவிடுவாள் போல இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. ஏன் வரவில்லை?

பெண் குழந்தை. கைக்குள் அடங்கிவிடும் போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதது. இரண்டு பேருக்கும் ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வடிவின் கையை விட்டேன்.

18.6.1993

நேற்று பாதியில் போனதற்கு மானேஜர் பார்த்தசாரதியிடம் விளக்கம் சொன்னேன். ஆர்டர் போய்விட்டது. வடிவின் மிஷினில் வேறு பெண்.

20.6.1993, ஞாயிறு

வடிவைப் பார்க்கப் போனேன். டாக்டர் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவருக்கு ஓர் ஆள் வேண்டுமாம். "பயந்துபோன பொம்பளைங்க பக்கத்துல நிக்கிறதுக்கு எனக்கு ஆள் கெடைக்கலம்மா. வேலைய நான் சொல்லித் தர்றேன். ஆனா நர்ஸுன்னு சொல்லிக்க முடியாது. கம்பெனிச் சம்பளமும் என்னால முடியாது."

பாதிதான் தர முடியும் என்றார். சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன். வாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது — முடியாது என்று நான் சொல்லவே இல்லை.

22.6.1993

இவரிடம் சொன்னேன். டாங்க் ஃபாக்டரியில் இரும்பு கடைகிற டர்னர். எதையும் அளந்து பார்த்துத்தான் பேசுவார். கேட்டுவிட்டு சைக்கிள் துடைக்கப் போய்விட்டார். திருநின்றவூரில் மனை வாங்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. இரண்டு முறை போய்ப் பார்த்தும் வந்தார். என் சம்பளத்தை நம்பித்தான்.

மாமியார் சும்மா இல்லை. "மருமவ சூப்பர்வைசருன்னு தெருவுல சொல்லிகினு கீறேன். இனிமே ஆயான்னு சொல்லணுமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. முப்பத்து நாலு வயசுல எனக்கு இன்னாத்துக்கு இது?

25.6.1993

இவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

27.6.1993, ஞாயிறு

திறந்தார். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினார்.

"மனை எங்க போவப் போவுது தாட்சா? இப்ப இல்லன்னா அப்பால வாங்கிக்கலாம். அந்தப் பொண்ணுக்குக் கொயந்த பொறந்த அன்னிக்கு நீ எவ்ளோ பேசின தெரியுமா? சோறு ஆறிப்போச்சு, நீ நிறுத்தல. அதுக்கு முன்னாலயும் இல்ல, அப்பாலயும் இல்ல. எனக்கு அந்தப் பேச்சு வேணும்."

அலசிய துணியையே மறுபடி அலசிக்கொண்டிருந்தேன்.

29.6.1993, செவ்வாய்

இன்றைக்குப் பார்த்து மானேஜர் கூப்பிட்டார். மாடி முழுவதற்கும் என்னை இன்சார்ஜ் ஆக்குகிறார்களாம். சம்பளம் கூடும். வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

மாமியார் கேசரி கிண்டிவிட்டார். இவர் என் முகத்தையே பார்த்தார். மனை, மகள் படிப்பு, தெருவில் மரியாதை எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கிறது. வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியமா?

சரியென்று சொல்லிவிடப் போகிறேன்.

1.7.1993, வியாழன்

சரியென்று சொல்லத்தான் போனேன். மானேஜர் காபி வரவழைத்தார். புது வேலையில் முதல் காரியம் என்று மெதுவாக ஆரம்பித்தார். சீசன் வருகிறது, வடிவு மாதிரி இன்னொன்று நடக்கக் கூடாது. மாடியில் யார் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் நிறுத்திவிடலாமாம். "உங்ககிட்டதான் பொண்ணுங்க மறைக்காம சொல்லுவாங்க, மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. நல்லபடியாகத்தான் சொன்னார். அதுதான் என்னை என்னவோ செய்தது.

என்னால் ஆகாது சார், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சம்பளம் போதாதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மாடிப்படி இறங்கும்போது கால் லேசாக இருந்தது. காபியைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

9.9.1993

டாக்டரிடம் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. துணி அலசுகிறேன், தரை துடைக்கிறேன், வெந்நீர் வைக்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்ட இப்போதுதான் விடுகிறார்கள். முதல் வாரம் டாக்டரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். மனையை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் இன்னும் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் இருக்கிறது. ஆனால் தலைமாட்டில் போய் நின்றதும், யாரோ பெயர் தெரியாத பெண் என் கையைத் தேடிப் பிடிக்கிறாள். அப்போது மற்றது எதுவும் நினைவில் இருப்பதில்லை.

24.10.1993, ஞாயிறு

இரவெல்லாம் மழை. முற்றத்தில் தவளைச் சத்தம். மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். மதியம் கருவாட்டுக் குழம்பு. இவர் ரேடியோவைப் பிரித்துப்போட்டுவிட்டு ஒரு ஸ்குரூவைத் தேடித் தவழ்ந்துகொண்டிருந்தார். நானும் மகளும் கூடச் சேர்ந்து தவழ்ந்தோம். கிடைக்கவில்லை.

சாயங்காலம் புடவை மடிக்கும்போதுதான் நினைவு வந்தது, நாளைக்குத் திங்கட்கிழமை என்று. கம்பெனியில் இருந்தவரை ஞாயிறு விடியும்போதே அந்த நினைப்பு வந்து நாளையே கெடுத்துவிடும்.

அப்படியா, என்று தோன்றியது. அவ்வளவுதான்.