மாமன் வீட்டுக் கூடத்தில் கடல்

முருகன் துணை

திருத்தணி
ஆவணி 4

அன்பு மகள் காஞ்சனாவுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தங்கை சந்திராவும் சுகம். நைனாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது அவர் பேச்சையும் கேட்பதில்லை என் பேச்சையும் கேட்பதில்லை. பிவண்டியில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய், ஈரப் புடவையோடு தறிக் கொட்டகையில் நிற்காதே, மாப்பிள்ளை இருமினால் மிளகு தட்டிப் போட்டு ரசம் வை. நான் மூன்றாவது வரைக்கும் போனவள், எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், அதைப் பார்த்துச் சிரிக்காதே. விஷயத்தைப் படித்துச் சிரி, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மாமன் துளசிங்கத்தைப் பழி வாங்கிவிட்டேன்.

கூடப் பிறந்த அண்ணனை அவன் இவன் என்று எழுதாதே என்று நைனா பக்கத்தில் உட்கார்ந்து திட்டுகிறார். அந்த மரியாதையெல்லாம் உன் கல்யாணத்தன்றே போய்விட்டது. மணவறைக்குப் பக்கத்தில் தாய்மாமன் சீர்த்தட்டோடு நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது, உன் மாமியார் பொண்ணுக்கு மாமன் இல்லியா என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார், என் சித்தப்பா மகன் எல்லப்பனைப் பந்தியிலிருந்து கை கழுவவைத்து இழுத்து வந்து நிறுத்தினோம். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதை நான் மறப்பேனா? அன்றைக்குத்தான் அவன் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு மெட்ராஸிலிருந்து மீனும் பவளமும் வேனில் வந்ததாம். கூப்பிடப் போன ஆளிடம், மீனு செத்தா மறுபடி கெடைக்குமா, மாலைய யாராவது போடட்டும்னு சொல்லு என்று அனுப்பினான்.

அந்தத் தொட்டியை நீ பார்த்ததில்லை. கட்டில் நீளம், என் மார்பு உயரம். உள்ளே நிஜக் கடல் தண்ணீர், காசிமேட்டிலிருந்து பிளாஸ்டிக் பீப்பாயில் வருகிறது. பவளம் என்றால் கழுத்தில் போடுவது என்று இருந்தேன், இது உயிரோடு இருக்கிறது, மூளை மாதிரி ஒன்று, மான்கொம்பு மாதிரி ஒன்று. விரல் விரலாக ஆடுகிற பூ மாதிரி ஒரு பிராணி வேறு, அதற்குள் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் புகுந்து புகுந்து வருகின்றன, அம்மையார்குப்பத்துக்காரர்கள் பார்த்தால் அந்தப் பட்டையை மறுநாளே தறியில் ஏற்றிவிடுவார்கள். கரண்ட் போனால் தன் விசைத்தறிகளை விட்டுவிட்டுத் தொட்டியின் காற்று மோட்டாருக்குத்தான் டீசல் இஞ்சின் போடுகிறான். எனுக்கு வேர்த்தா விசிற ஆளு இல்ல, மீனுக்கு டீசல் எரியுது என்று மணியம்மை அண்ணியே சொன்னாள். தொட்டி அழகுதான் காஞ்சனா, பார்க்கப் பார்க்க என் வயிறும் எரிந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு அவன் தெருக்கதவைத் திறந்துவைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தொட்டியைக் காட்டுவான், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில்தானே வீடு. இந்தத் தடவை ஆர்.கே.பேட்டையிலிருந்து காவடி எடுத்து வந்த நம் ஜனத்தை நானே கூட்டிக்கொண்டு போனேன். கூடம் நிறையக் கூட்டம், நகரி புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் சமுத்ரம் சமுத்ரம் என்று வாயைப் பிளந்து நிற்கிறார்கள், இவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கடல் தண்ணிங்க, நெஜக் கடல் தண்ணி என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் உரக்க, ஏண்ணே, இது திருச்செந்தூர்க் கடல் தண்ணிதானே என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் காசிமேடு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆங், ஆங், திருச்செந்தூர்தான் என்றான். உடனே முந்தானை முடிச்சை அவிழ்த்து, என் ஓட்டைக் காலணாவை எடுத்து, முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் விட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவ்ளோ தொலவு நம்மால போவ முடியுமா, முருகனே கடலக் கொண்டாந்துட்டான் என்று ஒரு அம்மாள் நாலணா போட்டாள், பிறகு ஆளாளுக்கு எட்டணா, ஒரு ரூபாய், பழைய செப்புக் காசு. தெப்பம் நடந்த மூன்று நாளும் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. கண்ணாடிக்கு முன்னால் கற்பூரம் வேறு.

அப்புறம் பார், தொட்டியைப் பராமரிக்க மாதாமாதம் வருகிற ராயபுரத்து ஆள் வந்து தலையில் கை வைத்துக்கொண்டானாம். காசுல இருக்கிற செம்பு தண்ணியில எறங்குது, பவளத்துக்கு அது வெஷம், சீக்கிரம் எடுத்துட்டுத் தண்ணிய மாத்துங்க என்றானாம். எனக்கு இது தெரியாது, சத்தியமாகத் தெரியாது, தெரிந்திருந்தால் போன வருஷமே போட்டிருப்பேன். ஆனால் உன் மாமன் எப்படி எடுப்பான்? சாமி காசில் கை வைத்தான் என்று பேர் வந்தால் திருவிழாக் கமிட்டித் தலைவர் ஆகிற ஆசை போச்சு. திருச்செந்தூர்த் தண்ணீர் இல்லை என்று ஒப்புக்கொண்டால் கிருத்திகையன்று முருகன் பேரில் பொய் சொன்னதாக ஆகும். தொட்டா கை வெளங்காம பூடும் என்று அண்ணி அழுகிறாள். அந்தப் பூப்பிராணி சுருங்கிவிட்டது, மான்கொம்பு வெளுக்கிறது.

என் வீட்டுக்கு வந்தான். வந்து வாசலிலேயே நின்று, கௌரி, நீதானே ஆரம்பிச்சே, ஜனங்ககிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லி எடுத்துக் குடுத்துடு என்றான். சாமி காச எடுத்து மலைக்குக் கொண்டு போறவன் யாருக்கும் சீர் பாக்கி வெச்சிருக்கக் கூடாதுண்ணே, உனுக்குத் தெரியாததா என்றேன். எல்லாரும் பாக்கிற மாதிரியா என்றான். எல்லாரும் பாக்கிற மாதிரிதானே வராம இருந்தே என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மேளம் முன்னால் போக, பட்டுப் புடவை, பூ, பழம், மஞ்சள், குங்குமம் வைத்த தட்டைத் தன் கையாலேயே ஏந்திக்கொண்டு நம் தெருவுக்குள் நடந்து வந்தான். தெருவே வாசலில் நின்றது. எதிர்வீட்டுக் குப்பம்மாள், என்னா துளசிங்கம், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். கௌரி பொண்ணு காஞ்சனாவுக்கு என்றான். அது போன வருசமே ஆயிடுச்சே என்றாள். நான் சொல்லிக் கொடுத்துத்தான் கேட்டாள் என்று நைனா சந்தேகப்படுகிறார், முந்தின நாள் அவளுக்குப் பணியாரம் கொடுத்தது மட்டும் உண்மை. உன் கல்யாணப் போட்டோவுக்கு முன்னால் தட்டை வைத்தான். தண்ணீர் கொடுத்தேன், காப்பி கொடுக்கவில்லை. பிறகு நான் போய் ஜனத்திடம், முருகன் தன் காசைக் கேட்கிறான் என்றேன், உன் மாமன் கையைத் தோள் வரைக்கும் விட்டு அள்ளி மஞ்சள் துணியில் கட்டி, படியேறிப் போய் உண்டியலில் போட்டான். தண்ணீரையும் மாற்றியாயிற்று. பூப்பிராணி விரிந்துவிட்டது, மான்கொம்பு வெளுத்தது வெளுத்ததுதான். மஞ்சளாக ஒரு மீன் இருந்தது, அது செத்துப்போயிற்று. அதற்காக ஒரு பொழுது நான் சாப்பிடவில்லை. அவனுக்காக ஒரு கவளம்கூடக் குறைக்கவில்லை.

புடவையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கட்டிக்கொண்டு மாப்பிள்ளையோடு போட்டோ எடுத்துப் பெரிதாகப் போட்டு அனுப்பு, மறந்துவிடாதே, தொட்டிக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்ட ஆணிகூட அடித்துவிட்டேன். மீனுக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்பினால் அவன் உன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். உன் மாமியாருக்கும் புடவையைக் காட்டு, இது தாய்மாமன் சீர் என்று அழுத்திச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வீடு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். தலைகுனிந்தது அந்த ஒரு நாளோடு போகட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கௌரியம்மாள்

சந்திராவுக்குத் தையில் கல்யாணம் வைக்கலாம் என்று இருக்கிறோம். காசை அள்ளும்போது என் ஓட்டைக் காலணாவை மட்டும், முருகா கடனாகக் கொடு என்று கேட்டு, மாமன் கண் எதிரிலேயே துடைத்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டேன். முடிந்ததை அவன் பார்த்தான்.