ஐந்தாம் திருவிழா

ரொம்மன்
நோர்வே, 03.04.2025

அன்புள்ள உதயகுமாரி அக்காவுக்கு,

சேந்தன் அண்ணை போய் மூன்று மாதமாகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அடுத்த பனிக்கு முன் கோயிலுக்குப் புதுக் கூரை போட்டாக வேண்டும். ஆண்டுத் திவசம் முடியும்வரை நீங்கள் திருவிழாச் செய்ய ஏலாதுதானே. அதனால் நீங்கள் வருடாவருடம் செலவேற்றுச் செய்யும் ஐந்தாம் நாள் திருவிழா உபயத்தை ஜெயரத்தினம் அண்ணைக்குக் கொடுத்தோம். கூரைச் செலவில் பாதியை அவர் ஏற்கிறார். உங்களுக்கும் பாரம் குறையட்டும் என்று நினைத்தோம்.

அன்புத் தம்பி,
பிரசாந்தன்
கோயில் செயலாளர்

மோர்டென்ஸ்ருட்
09.04.2025

அன்புள்ள தம்பி பிரசாந்தனுக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் சுகம்தானே? நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். அழுகை இன்னும் வரவில்லை. மகள் சோபிகா அதற்கும் ஏசுகிறாள்.

இந்த வருடம் எங்களால் செய்ய முடியாதுதான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? வாடகை மண்டபத்தில் சாமியை வைத்திருந்த காலம். வேலை நாள் என்று எல்லோரும் ஒதுங்க, இவர்தான் "தாங்கோ, நான் செய்யிறன்" என்றவர். பிறகு ஒரு வருடமும் விட்டதில்லை. அடுத்த வருடம் அந்த நாள் எங்களுக்குத் திரும்ப வருமா? அதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா உதயகுமாரி

ரொம்மன்
28.04.2025

அன்பின் அக்கா,

எழுதக் கை வரவில்லை. ஜெயரத்தினம் அண்ணை அந்த நாளை நிரந்தரமாகக் கேட்கிறார். இல்லையென்றால் கூரைக்குத் தர மாட்டாராம். நிர்வாகக் கூட்டத்தில் உங்களுக்காகக் கதைத்தேன். "அவரை நோகப் பண்ணினா அவரின்ரை ஆக்கள் எல்லாரும் போயிடுவினம். அக்கா எங்கடை ஆள், ஒண்டும் சொல்லமாட்டா" என்றார்கள். கடைசியில் நானும் ஓம் என்று கையை உயர்த்திவிட்டேன்.

அண்ணையின் பெயரில் ஒரு நாள் அன்னதானம் வைக்கலாம். குறை நினைக்காதீர்கள்.

உங்கள் தம்பி,
பிரசாந்தன்

மோர்டென்ஸ்ருட்
06.05.2025

செயலாளருக்கு,

அன்னதானம் வேண்டாம். மனம் நோகிறதா என்று பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. கோபம் வந்தால்கூட நல்லாயிருக்கும். கூரையைப் போடுங்கள், ஒழுகத்தானே செய்கிறது. அங்கத்துவத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

நேற்று நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், கோடை விடுமுறையில் போகிறவர்களின் இடத்துக்கு ஆள் தேடினார்கள். ஐந்தாம் திருவிழா வருகிற நாளுக்கு என்னைப் போடச் சொன்னேன். எங்கள் பொறுப்பாளர் நோர்வேக்காரி. அவவுக்கு நினைவிருந்தது. அது உன் கணவரின் கோயில் நாளல்லவா என்று கேட்டா.

இப்போது இல்லை என்றேன்.

இப்படிக்கு,
உதயகுமாரி சேந்தன்